குருசடைத் தீவுக்குப் போய் வந்தோம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



இந்த மேடையில் வழக்கமாகக் கடனைப் பற்றிப் பேசுவோம். தவணை, தர மதிப்பீடு, தொழில் பயிற்சி என்று பேசுவோம். இன்றைக்கு எங்களைச் சுற்றுலா போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதிலே பேச என்ன இருக்குன்னு சிலர் நினைக்கலாம். இருக்குங்க. நாங்கள் பதினேழு பேர் ஒரு நாள் கடலையும் ஒரு தீவையும் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே பார்த்ததும் கேட்டதும் நம் சேமிப்போடும், நம் கண்மாயோடும், நம்மைப் போன்ற பெண்களின் பிழைப்போடும் ஒட்டிய விஷயம். அதனால்தான் பேச வந்திருக்கிறோம்.

காசு எங்கிருந்து வந்தது?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். குழுச் சேமிப்பில் நாங்கள் கை வைக்கவில்லை. சுழல்நிதியைத் தொடவில்லை. யாரும் இதற்காக உள்கடன் வாங்கவில்லை.

ஒரு வருடத்துக்கு முன்னால் எங்கள் மாதக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. நாம் இதுவரைக்கும் எந்தெந்த வெளியூருக்குப் போயிருக்கிறோம் என்று ஆளாளுக்குச் சொன்னோம். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போயிருக்கிறோம். கோயிலுக்குப் போயிருக்கிறோம், அங்கேயும் பொங்கல் வைக்கிற வேலை நமக்குத்தான். குழு வேலையாகப் பேங்குக்கும் யூனியன் ஆபீசுக்கும் போயிருக்கிறோம். வேலை ஒன்றும் இல்லாமல், ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனவர்கள் பதினேழு பேரில் ஒருவர்கூட இல்லை.

அன்றைக்கே தீர்மானம் எழுதினோம். ஆளுக்கு மாதம் 60 ரூபாய், தனி நோட்டு. பதினேழு பேர், பன்னிரண்டு மாதம், மொத்தம் 12,240 ரூபாய் சேர்ந்தது. வேன் வாடகை, படகுக் கட்டணம், மதியச் சாப்பாடு, டீ எல்லாம் போக 640 ரூபாய் மிச்சம். அது அடுத்த வருடக் கணக்கில் வரவு வைத்தாகிவிட்டது.

வீட்டில் பேச்சு வாங்காமல் இல்லை. 'அடுப்பை அணைச்சுட்டு ஊர் சுத்தப் போறீகளா' என்று கேட்டார்கள். எங்கள் குழுவில் மூத்தவர், வயது 63. அவர்தான் பதில் சொன்னார். 'வருசம் பூரா மாடும் அடுப்புமா கிடக்கோம். ஒரு நா போயிட்டு வந்தா அடுப்பு எங்கயும் ஓடிப் போகாதப்பா.' அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பொங்கல் முடிந்த அடுத்த வாரம் கிளம்பிவிட்டோம்.

21 தீவுகள்

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகளை மண்டபம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளை சொல்லித்தான் குருசடைத் தீவைப் பற்றித் தெரிந்தது. ராமேஸ்வரத்துக்கு நம்மில் பலர் தை அமாவாசைக்குப் போயிருப்போம். பாம்பன் பாலத்தில் போகும்போது தெற்கே கடலில் பச்சையாகச் சில திட்டுகள் தெரியும். பார்த்திருப்போம், என்னவென்று கேட்டிருக்க மாட்டோம்.

தூத்துக்குடியில் இருந்து பாம்பன் வரைக்கும் கரையை ஒட்டினாற்போல் மொத்தம் 21 தீவுகள். யாரும் குடியிருப்பதில்லை. இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை அரசாங்கம் 1986ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. பூங்கா என்றவுடன் ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இது கடலுக்கு அடியில் இருக்கிற பூங்கா. 1989ல் இன்னும் பெரிய பரப்பு, 10,500 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

தீவுகளின் பெயரைக் கேட்டாலே நம் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கும். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, முயல் தீவு, முள்ளித் தீவு, வாழைத் தீவு, தலையாரித் தீவு, பூமரிச்சான், புள்ளிவாசல், ஆனைப்பார், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி. இந்தக் கடைசி இரண்டு பெயரையும் மனதில் வையுங்கள். பிறகு சொல்கிறோம்.

எல்லாத் தீவுக்கும் நாம் போக முடியாது. அனுமதி இல்லை. குருசடைக்கு வனத்துறை ஏற்பாட்டில் குந்துகாலில் இருந்து படகு விடுகிறார்கள். குந்துகால் பாம்பன் தீவின் தெற்குக் கரையில் இருக்கிறது. 1897ல் விவேகானந்தர் அமெரிக்கா போய்விட்டுத் திரும்பி வந்தபோது கால் வைத்த இடம் அதுதான், நினைவு மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

தீவில் என்ன பார்த்தோம்?

எங்களில் பன்னிரண்டு பேர் அதுவரைக்கும் படகில் ஏறியதே இல்லை. மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். சேலைக்கு மேலே அதைக் கட்டிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்ததில் பாதிப் பயம் போய்விட்டது. பாம்பன்காரர்கள் ஒரு பக்கத்தை வடகடல் என்றும் இன்னொரு பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்கிறார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம் மாதிரி கிடக்கும். நாங்கள் போனது தென்கடல். தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஆழம் குறைந்த இடத்தில் படகுக்கு அடியில் மணலும், கரும்பச்சைப் புல்லும், பாறை மாதிரி வட்ட வட்டத் திட்டுகளும் தெரிந்தன.

பாறை என்று நாங்கள் நினைத்தது பாறை இல்லை. அதுதான் பவளம். படகில் கூட வந்த தம்பி மீனவர் வீட்டுப் பிள்ளை. அவர்தான் விளக்கினார். பவளம் ஒரு உயிர். கடுகு போலச் சின்னச் சின்ன உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாகச் சேர்ந்து, தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டுகின்றன. ஒன்று செத்தால் அதன் வீட்டு மேல் இன்னொன்று கட்டும். உருண்டைப் பவளம் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். சோற்றுப்பானை அளவு வளர்வதற்குள் ஒரு பெண் பிறந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்றுவிடுவாள். இந்தக் கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளம் இருக்கிறதாம்.

கண்மாய்க்குக் கரை எப்படியோ, இந்த ஊர்களுக்குப் பவளத்திட்டு அப்படி. பெரிய அலை வந்தால் திட்டில் மோதி வேகம் குறைந்துதான் கரைக்கு வரும். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் அதற்குள்ளேதான். பவளம் போனால் மீன் போகும், மீன் போனால் கரையில் கூடை தூக்குகிற பெண்ணின் பிழைப்புப் போகும்.

அரை மணி நேரத்துக்குள் தீவில் இறங்கிவிட்டோம். மணல் நம் ஆற்று மணல் மாதிரி இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சிப்பித் தூளும் பவளத் தூளும். ஓரத்தில் அலையாத்தி மரங்கள் வேரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் அவை வேரை மேலே நீட்டி மூச்சு விடுமாம். குருசடையைப் பற்றி வெள்ளைக்காரர் காலத்திலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1927லேயே சென்னை அருங்காட்சியகம் இங்குள்ள உயிர்களைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறது. முதுகெலும்பு உள்ள உயிர்களுக்கும் இல்லாத உயிர்களுக்கும் இடைப்பட்ட ஒரு புழு இந்த மணலில் இருக்கிறது. அதைப் பார்க்கவே எங்கெங்கோ இருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.

எங்களை அதிகமாகச் சிரிக்க வைத்தது கடல்குதிரைக் கதை. விரல் நீளம்தான் இருக்கும், முகம் குதிரை மாதிரி. பெண் கடல்குதிரை முட்டையை ஆண் கடல்குதிரையின் வயிற்றுப் பையில் விட்டுவிட்டுப் போய்விடும். சுமப்பதும் பெறுவதும் ஆண்தான். இதைக் கேட்டதும் எங்கள் மூத்தவர், 'அடுத்த பிறவியில கடல்குதிரையாப் பிறக்கணும் ஆத்தா' என்றார். கூட வந்த தம்பியே சிரித்துவிட்டார்.

கடல்பசுவைப் பற்றியும் சொன்னார்கள். அங்கே அதற்கு ஆவுளியா என்று பெயர். படகுக்கு அடியில் நாங்கள் பார்த்த புல்தான் அதற்கு மேய்ச்சல். கடல்புல் பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள உண்மையான செடி. ஆவுளியா மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற உயிர். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். பிறகு அடுத்த குட்டிக்குச் சில வருடம் ஆகும். அதனால்தான் ஒன்று வலையில் மாட்டிச் செத்தால்கூடப் பெரிய நஷ்டம். வடகடல் பக்கம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் கடல்பசுக்களுக்கென்றே பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். இந்தியாவிலேயே அது முதலாவது. எங்கள் கண்ணில் ஆவுளியா படவில்லை. அது மேயும் இடத்தைப் பார்த்தோம் என்பதே போதும்.

முழுகிப் போன இரண்டு தீவுகள்

இப்போது அந்த இரண்டு பெயருக்கு வருகிறோம். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி. 21 என்று எண்ணிக்கையில் இருக்கிறதே தவிர, இந்த இரண்டு தீவும் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. முழுகிவிட்டன.

பெரிய காரணம், பல வருடங்கள் பவளத்தை வெட்டி எடுத்தது. சுண்ணாம்புக் காளவாசலுக்கும், வீடு கட்டவும், ஆலைகளுக்கும் படகு படகாக வெட்டி ஏற்றினார்கள். சுற்றி இருந்த பவளம் போனதும் அலை நேராக வந்து மணலை அரித்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவு 1969ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2015ல் அளந்தபோது 2 ஹெக்டேர்கூட இல்லை. அதாவது நம் கணக்கில் 50 ஏக்கர் நிலம் 5 ஏக்கருக்கும் கீழே போய்விட்டது. அதன் பிறகு சிமெண்டில் செய்த செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கி, அலையின் வேகத்தைக் குறைத்து, அந்தத் தீவைக் காப்பாற்றி வருகிறார்கள். 2001ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பட்டியலில் சேர்த்தார்கள். 2004ல் சுனாமி வந்தது. கரை ஊர்களில் பவளத்தின் அருமை தெரிந்தது. வெட்டுவது நின்றது.

குழு நடத்துகிற நமக்கு இது சட்டென்று புரியும். சேமிப்பு அசலை எடுத்துச் செலவழித்த குழு என்ன ஆகும்? முதல் வருடம் எல்லோர் கையிலும் காசு இருக்கும். மூன்றாவது வருடம் குழுவே இருக்காது. பவளம் கடலின் அசல். மீனும் பாசியும் அதில் வரும் வட்டி. வட்டியை எடுத்துச் சாப்பிடலாம், அசலை வெட்டி விற்றதால் இரண்டு தீவு போய்விட்டது.

வெட்டுவது நின்றும் ஆபத்து நிற்கவில்லை. கடல் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவு கொடுக்கும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் செத்துவிடும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் வெளுத்தது. அந்த மூன்று கோடையும் நம் ஊரில் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதே வெயில்தான் அங்கேயும்.

கடலிலும் ஒரு சீமைக்கருவேலம்

அடுத்தது குழுப் பெண்கள் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

2000க்குப் பிறகு ராமநாதபுரம் கடற்கரையில் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு புதுத் தொழில் வந்தது. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது. 45 நாளில் அறுவடை. பேங்க் கடன் கிடைத்தது, கையில் காசு நின்றது. பல வீடுகளில் அந்தக் காசில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அதில் பொய் இல்லை.

ஆனால் அந்தப் பாசி துண்டு விழுந்தால் விழுந்த இடத்தில் முளைக்கும். 2008ல் இதே குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதினார்கள். மேலே மூடிவிட்டால் வெயில் படாமல் பவளம் செத்துவிடும். அதற்குப் பிறகு பல தடவை ஆள் வைத்துக் கையால் பிடுங்கியும் மறுபடி வந்திருக்கிறது.

இதைக் கேட்டபோது எங்களுக்கு நம் கண்மாய்தான் ஞாபகம் வந்தது. சீமைக்கருவேலமும் வெளிநாட்டில் இருந்து வந்ததுதானே? விறகுக்கு ஆகும், கரி மூட்டம் போடலாம், வேலி அடைக்கலாம் என்றார்கள். எல்லாம் நடந்தது. நம்மில் பாதிப் பேர் அந்த விறகில் சோறாக்கினோம். ஆனால் கண்மாய் உள்வாய் பூராவும் அடைத்துக்கொண்டது. இப்போது வெட்டினாலும் துளிர்க்கிறது.

பாசி வளர்ப்பே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இப்போதும் பாசி வளர்ப்புக்கு அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, பெண்களுக்கு அதில் வருமானம் இருக்கிறது. எந்தப் பாசி, எந்த இடத்தில், தீவில் இருந்து எவ்வளவு தூரத்தில் என்ற கேள்விதான் முக்கியம். நம் குழுவுக்கு நாளைக்கு யாராவது ஒரு புது விதை, புது மீன், புதுக் கோழி என்று கொண்டுவந்து கொடுத்தால், 'லாபம் எவ்வளவு' என்ற கேள்வியோடு 'தப்பிப் போனா என்னாகும்' என்று இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். தீர்மான நோட்டில் இந்த இரண்டாவது கேள்விக்கும் பதில் எழுத வேண்டும்.

முங்கிப் பிழைக்கும் பெண்கள்

மதியச் சாப்பாட்டை அங்குள்ள பெண்களிடமே சொல்லியிருந்தோம். குந்துகாலுக்குப் பக்கத்தில் சின்னப்பாலம் என்று ஒரு ஊர். அங்கே, பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி பக்கத்து ஊர்களில் எல்லாம் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுப்பது தலைமுறைத் தொழில். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரைப் பாசி என்று அவர்களுக்கு நூறு பேர் தெரியும். நாம் கடையில் வாங்கிக் காய்ச்சி இனிப்புச் செய்கிறோமே கடல்பாசி, அது இப்படி எடுத்த பாசியில் இருந்து வருவதுதான். துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலைக்கும் ஒரு வகை போகிறது.

விரல் நுனியில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி, மூச்சடக்கி முங்குகிறார்கள். கையைப் பார்த்தோம். பவளமும் சிப்பியும் கீறாத இடம் இல்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு அக்கா சொன்னார்:

'ஏழு வயசுல எங்காத்தாகூட முங்க ஆரம்பிச்சேன். அப்ப இது பூங்கான்னு ஒருத்தரும் சொல்லல. பொறவு ஒரு நா தீவுக்குப் போகக்கூடாதுன்னுட்டாக. எங்க போறது? கரையில பாசியில்ல. பயந்து பயந்துதான் போவோம்.'

பூங்கா அறிவிப்பு வந்தது 1986ல் என்றாலும், கெடுபிடி அதிகமானது 2000க்குப் பிறகுதான். பவளத்தைக் கெடுக்கிறீர்கள் என்று இந்தப் பெண்கள் மேலும் பழி வந்தது. அவர்கள் உட்கார்ந்து அழவில்லை. ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள், சங்கமாகச் சேர்ந்தார்கள். தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது. மீன்பிடித் தடைக்காலத்தில் போகாமல் இருப்பது. இரும்புத் தகட்டால் சுரண்டாமல் கையால் பறிப்பது, அடியோடு பிடுங்காமல் விடுவது. அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அமெரிக்காவில் உள்ள சீகாலஜி என்ற அமைப்பு விருது கொடுத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற விருது அது. நம்மைப் போல ஒரு பெண், கடலில் முங்கிப் பிழைத்தவர், அமெரிக்கா போய் வாங்கினார்.

திரும்பி வரும்போது வேனில் இதைப் பற்றி ஒரே வாக்குவாதம். 'அவுக கடலு, அவுக பாசி, தடுக்க இவுக யாரு' என்றது ஒரு பக்கம். 'தடுக்காம விட்டா எல்லாத் தீவும் பூவரசன்பட்டி மாதிரிப் போயிரும்ல' என்றது இன்னொரு பக்கம். பரமக்குடி தாண்டியும் முடியவில்லை. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான். காப்பதற்குச் சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் போடும்போது, அங்கே முங்கிப் பிழைக்கிற பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் அவளே நல்ல கட்டுப்பாடு சொல்லுவாள் என்பதற்கு மாதம் 12 நாள் என்ற கணக்கே சாட்சி.

நாம் வேடிக்கை பார்க்கப் போகிற இடம் இன்னொருத்தியின் வயக்காடு. அந்த நினைப்போடு போக வேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால்

இந்த வருடம் வேறு குழுக்களும் போக நினைப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் அனுபவத்தில் சில யோசனைகள்:

1. போகும் முன்பு வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். காற்றும் கடலும் பார்த்துத்தான் படகு விடுவார்கள். கட்டணத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கச்சான் காற்றுக் காலத்தைத் தவிருங்கள். தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசிக்குப் பிறகு மாசி வரைக்கும் நல்லது. ஆனால் புயல், மழை அறிவிப்பு இருந்தால் தேதியை மாற்றிவிடுங்கள்.

3. மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது. படகில் எழுந்து நிற்கக் கூடாது. நீச்சல் தெரியும் என்று யாரும் தனியாகத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

4. படகு ஏறும் முன்பே கழிப்பறைக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு அவதிப்படுகிறோம், அதனால் மேடையிலேயே சொல்கிறோம்.

5. குடிதண்ணீரைத் தூக்கில் கொண்டுபோங்கள். பாலித்தீன் பை வேண்டாம். ஆமை அதைத் தின்றால் குடல் அடைத்துச் செத்துவிடும்.

6. சிப்பி, சங்கு, பவளத்துண்டு எதையும் எடுக்காதீர்கள். செத்த பவளம் என்றாலும் குற்றம்தான். எங்களில் ஒருவர் பேத்திக்கு ஒரு வெள்ளைத் துண்டு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். கூட வந்த தம்பி, 'ஒரு ஆளு ஒண்ணுதான் அத்தை எடுப்பாக. ஆனா வருசத்துக்கு எத்தனை ஆளு வாராக?' என்றார். அதோடு சரி.

7. சாப்பாட்டை அந்த ஊர்ப் பெண்களிடம் சொல்லுங்கள். நம் காசு இன்னொரு குழுப் பெண்ணின் கைக்குப் போகட்டும். மீன் குழம்பும் அப்படி ஒரு ருசி.

நாங்கள் முன்வைப்பது

சுற்றுலா என்பது காசு உள்ளவர்களுக்கு, ஆம்பளைகளுக்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு என்று நாமே முடிவு செய்து வைத்திருக்கிறோம். மாட்டுக்குக்கூட வருடத்தில் ஒரு நாள் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறோம். நமக்கு? அன்றைக்குக் குந்துகால் கரையில் முழங்கால் தண்ணீரில் கை கோர்த்து நின்றோம். முட்டிவலி என்று கூட்டத்தில் தரையில் உட்கார மாட்டாத இரண்டு பேர் அன்றைக்கு ஓடிப்பிடித்து விளையாடினார்கள். மறுநாள் வலித்திருக்கும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆகவே இந்தப் பொதுக்குழு முன் மூன்று கோரிக்கை வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு குழுவும் சேமிப்பைத் தொடாமல், சக்திக்கு ஏற்றபடி ஒரு சுற்றுலா நோட்டுப் போட வேண்டும், மாதம் 20 ரூபாயானாலும் சரி. இரண்டு, போகிற இடத்தில் நம்மைப் போன்ற பெண்கள் குழுவைத் தேடிப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். அவர்களையும் நம் ஊருக்கு ஒரு நாள் அழைக்க வேண்டும். சின்னப்பாலத்து அக்காமார் கண்மாயில் தாமரை பூத்துப் பார்த்ததில்லையாம். மூன்றாவது, நம் கண்மாயைப் பற்றியது. உள்வாயில் இருக்கிற சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி அடுத்த கிராமசபையில் எல்லாக் குழுக்களும் ஒன்றாக மனுக் கொடுக்க வேண்டும். வெட்டியதோடு விடாமல், துளிர்க்கும் கன்றைப் பிடுங்கும் வேலையைக் குழுக்கள் முறை வைத்துச் செய்ய வேண்டும்.

மனுவை எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் எங்கள் பிரதிநிதி உட்கார்ந்திருப்பார். சம்மதம் உள்ள குழுக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கைநாட்டுக்கு மையும் கொண்டு வந்திருக்கிறோம்.